மலை வண்டியை நிறுத்திய நாள்

அன்றைக்குக் கேட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். ஷிப்டுக்குத் தலைமைக் காவலாள்.

சாந்தா. பெண் காவலாள். வேலைக்கு வரும் பெண்களைச் சோதிப்பது அவள் பொறுப்பு.

முனிரத்தினம். வேன் டிரைவர். நகரிக்காரர். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

மேனேஜர். கம்பெனியில் ஆள் எடுப்பது, ஆள் அனுப்புவது எல்லாம் அவர்தான். சென்னைக்காரர்.

காஞ்சனா. செம்புத் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் பழகிக்கொண்டிருந்த பொண்ணு. பொதட்டூர்பேட்டை.

லின். மெஷின்களோடு சீனாவிலிருந்து வந்தவர்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் ஏற்றுமதி மண்டலத்துக்கு அனுமதி கொடுக்கிற சென்னை அலுவலகத்து அதிகாரி.

சுங்கத்துறை ஆள் ஒருவரும் இருந்திருக்க வேண்டும். அவருடைய நாற்காலி இருந்தது.

இவர்களில் ஒருவரையும் நான் முழுதாக நம்பவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

காவல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவன் நான். நீட்டி எழுத வராது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

தொண்ணூறுகளில் திருத்தணிப் பக்கம் ஒரு நூல் மில் கேட்டில் நின்றேன். அங்கே சந்தேகப்படுவது சுலபம். இடுப்பு பருத்திருந்தால் நூல்கண்டு. சாப்பாட்டுத் தூக்கு கனமாக இருந்தால் பேரிங். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மில்லை மூடினார்கள். சில வருஷம் கழித்துக் கனகம்மாசத்திரம் தாண்டி உள்ளே தள்ளி ஏற்றுமதி மண்டலம் வந்தது. சனங்க வாயில் அது ஜோன். காண்ட்ராக்டர் என்னை அங்கே போட்டார்.

ஜோன் வேறு மாதிரி. வேலிக்கு உள்ளே இருக்கிற இடம் வரிக் கணக்கில் வெளிநாடு. உள்ளே வரும் சரக்குக்கு வரி கிடையாது. அதனால் ஒரு திருகாணி வெளியே போனாலும் சீட்டு வேண்டும். மூடியிருப்பதைத் திறந்து பார், சீட்டு இல்லாததை நிறுத்து. எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒருநாள் முதலாளியே வந்தார். வெளிநாட்டு முதலாளி முழுப் பணத்தையும் தானே போடலாம், உள்ளூர்க் கூட்டாளி வேண்டியதில்லை என்று ரூல். அந்தப் பணம் எந்தக் கேட்டிலும் நிற்காமல் வந்து சேர்ந்திருந்தது. அவர் நின்றார். பாஸ் இல்லை. நான் விடவில்லை. ஆபீஸிலிருந்து ஆள் ஓடி வந்து சீட்டு போடும்வரை வெயிலில் இருந்தார்.

“அண்ணா, நாளையிலேர்ந்து நீ ஊட்டுல தூங்கலாம்” என்றாள் சாந்தா.

“பணத்துக்குத்தான் பாஸ் வாணாம். ஆளுக்கு வேணும்” என்றேன்.

வேலை போகவில்லை. ஆனால் முதலாளி போகும்போது என்னைப் பார்த்தது சிரிப்பா முறைப்பா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

வெளிநாட்டு ஆட்களுக்கு ரூல் இன்னும் இறுக்கம். மேனேஜர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். வியாபார விசாவில் வருகிறவர் மெஷினைப் பூட்டிக் கொடுக்கலாம். ஓட்டிக் காட்டலாம். போய்விட வேண்டும். உற்பத்தியில் நிற்கக் கூடாது. நிற்க வேண்டுமானால் வேலை விசா வேண்டும். அது உள்ளூரில் கிடைக்காத படிப்புக்காரருக்கு, பெரிய சம்பளக்காரருக்கு. பிரஸ் மிதிக்கிற ஆளுக்குத் தரமாட்டார்கள்.

சொன்னவர் மேனேஜர். மீறியவரும் அவரேதான். நம்ம பொண்ணுங்க இன்னும் பழகவில்லை. ஆர்டருக்குக் கெடு இருந்தது. சீனாக்காரர்கள் கை வேகம். பூட்ட வந்தவர்களையே ஓட்டவும் நிறுத்திவிட்டார்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் காலையிலேயே கேட்டுக்குப் போன் வரும். “மலை வண்டி வருது, விடு.” சீனாக்காரர்களை வேனில் ஏற்றித் திருத்தணி மலைக்கு அனுப்பிவிடுவார். சாமி பார்ப்பார்கள். புளியோதரை சாப்பிடுவார்கள். அதிகாரி போன பிறகு நெற்றியில் விபூதியோடு வந்து இறங்கி மெஷினுக்குப் போவார்கள்.

“நம்ம முருகனை இவங்க பாத்த அளவுக்கு நான் பாத்ததில்ல” என்பாள் சாந்தா. “எனக்கும் சேத்து வேண்டிக்கச் சொல்லுண்ணா. லோன் இருக்குது.”

உனக்குத் தெரிந்துதானே விட்டாய் என்று கேட்பீர்கள். தெரியும். கேட்டில் நிற்கிறவன் பார்ப்பது பொருளை, ஆளை இல்லை என்று சொல்லிக்கொண்டோம். மலை வண்டி என்றால் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவோம். ஜன்னல் திரையை விலக்கமாட்டோம். வண்டிச் சத்தம் கேட்டதுமே கை தானாகக் கம்பத்துக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது. மேனேஜர் அந்தக் கையைத்தான் நம்பினார்.

அன்றைக்கு அதிகாரி வருவது இரண்டாவது ஷெட்டுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க. அதனால் பரபரப்பு. மலை வண்டி விடியற்காலையிலேயே போய், ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியிருந்தது.

வெயில் ஏறிய பிறகு அதே வேன் உள்ளேயிருந்து மறுபடி வந்தது. முன் சீட்டில் மேனேஜர்.

“மலை வண்டி. திற.”

“காலையிலயே போயிடுச்சே சார்.”

“ஒருத்தன் தூங்கிட்டான். இப்பதான் எழுந்தான். திறய்யா.”

கை கம்பத்துக்குப் போனது. ஆனால் மேனேஜர் மலை வண்டியில் ஏறி நான் பார்த்ததில்லை. அதோடு வண்டி சத்தம் இல்லாமல் வந்திருந்தது. முனிரத்தினம் தெலுங்குப் பாட்டு இல்லாமல் வண்டியை நகர்த்தமாட்டார்.

“இன்னா பாவா, பாட்டு இல்ல?”

“டேப்பு ரிப்பேரு நைனா.”

காலையில் பாடிக்கொண்டு போன டேப். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. செம்புத் தகடு கடத்துகிறார்கள் என்று நினைத்தேன். அதிகாரி வருகிற நாளில் கேட்டில் கெடுபிடி குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பத்தை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.

தகடு இல்லை. கடைசி சீட்டில் லின் படுத்திருந்தார். உள்ளூர் ஆட்கள் போடுகிற நீலச் சட்டை. வலது கையில் மெஷின் துடைக்கிற கழிவுத் துணி. அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

“ஜுரம்” என்றார் மேனேஜர்.

சாந்தா எட்டிப் பார்த்தாள். “ஜுரம் வந்தா ரத்தம் வருமா சார்?”

அதற்குப் பிறகு மேனேஜர் இறங்கி வந்தார். குரலைத் தணித்துச் சொன்னார். அதிகாரிக்கு மெஷின் ஓடுவதைக் காட்ட வேண்டும். நம்ம பொண்ணுங்க ஓட்டினால் பாதியில் நிற்கும். அதனால் லின்னை மட்டும் மலைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். நீலச் சட்டை மாட்டிக் கூட்டத்தில் நிற்கவைத்தார். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பியை வேகத்துக்காகக் கழற்றியிருந்தார்கள். முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும்போது பிரஸ் கைமேல் இறங்கிவிட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் கையில் இருக்கின்றன. நடுவில் மூன்றும் இல்லை.

“எந்த ஆஸ்பத்திரி சார்?”

“ஆஸ்பத்திரி இல்ல. திருத்தணி லாட்ஜுல அவன் ரூம் இருக்கு. இவங்களைக் கூட்டிட்டு வந்த ஏஜென்ட் சாயங்காலம் மெட்ராஸ்லேர்ந்து டாக்டரைக் கூட்டிட்டு வரான்.”

“சாயங்காலமா?”

“யோவ், ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரன்னு போலீஸுக்குச் சொல்லுவாங்க. எந்த விசா, எப்படி பிரஸ்ல கை வெச்சான்னு கேப்பாங்க. ரெண்டாவது ஷெட் போச்சு. உங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு வர வேண்டிய வேலைய்யா அது. நீயே கெடுப்பியா?”

அது பொய் இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. என் அக்கா மகளும் அந்த ஷெட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள்.

“விரலுங்க எங்க சார்?” என்று கேட்டேன்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அதை யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். யோசித்து விட்டுவிட்டாரோ என்றும் நினைப்பேன்.

அப்போது ஷெட்டிலிருந்து காஞ்சனா ஓடி வந்தாள். கையில் டிபன் பாக்ஸ். மேனேஜர் கத்தினார்.

“அவளைப் புடி! அவதான் பெடலை மிதிச்சா. ஓடறா பாரு!”

சாந்தா பிடித்தாள். பழக்கத்தில் “திற” என்றாள். காஞ்சனா மூடியைத் திறந்தாள். கேன்டீன் ஐஸ். நடுவில் சின்ன பிளாஸ்டிக் கவர், முடிச்சு போட்டது. சாந்தா பார்த்தாள். மூடியை அவளே அழுத்தி மூடினாள்.

“அண்ணா, மெட்ராஸ்ல தைப்பாங்கண்ணா” என்றாள் காஞ்சனா. மூச்சு வாங்கியது. “டிவில காமிச்சாங்க. ஐஸ்ல வெச்சிகினு சீக்கிரம் போனா ஒட்டிக்குமாம். லேட்டானா ஒட்டாதாம்.”

“நீ மிதிச்சியா?”

“அவருதாண்ணா மிதின்னு தலைய ஆட்டனாரு. நான் மிதிக்கல. அதுவா எறங்கிடுச்சு.”

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. இரக்கத்தில் ஓடி வந்தாளா, பயத்தில் ஓடி வந்தாளா என்று பார்த்தேன். முகத்தில் இரண்டும் இருந்தன.

மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, “ஷெட்லேர்ந்து சீட்டு இல்லாம எதையும் வெளியே எடுக்கக் கூடாது, தெரியுமில்ல?” என்றார்.

“அது அவரோடது சார்” என்றாள் சாந்தா.

தம்பிகளே, பாப்பாக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேட் என் கையில். கேட்டைத் தாண்டினால் என் கையில் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் திரும்பினால் சென்னை. மறுபக்கம் திரும்பினால் திருத்தணி லாட்ஜ், சாயங்கால டாக்டர். நான் நிறுத்தி வைத்தால் ஐஸ் கரையும். திறந்துவிட்டால் விரலோடு ஆளையும் லாட்ஜில் பூட்டுவார்கள்.

முனிரத்தினத்திடம் கேட்டேன். “வெளிய போயி எந்தப் பக்கம் திருப்புவ பாவா?”

“சார் சொன்ன பக்கம் நைனா. என் பொழப்பு அவர் கிட்ட இருக்குது.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரான பதில் அது ஒன்றுதான்.

நெடுஞ்சாலைப் பக்கம் புழுதி கிளம்பியது. வெள்ளைக் கார். அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அவரும் கம்பெனியை நம்பாதவர் போல.

“ரிவர்ஸ் எடு! ஷெட்டுக்குப் பின்னால கொண்டு போ” என்றார் மேனேஜர். “அவங்க சாப்டுட்டுக் கிளம்பட்டும். அப்புறம் அனுப்பலாம்.”

ரிவர்ஸ் எடுக்க விடவில்லை. நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். லின்னைக் கைத்தாங்கலாக இறக்கினேன். சாந்தா அந்தப் பக்கம் பிடித்தாள். முன் சீட்டில், மேனேஜர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காரவைத்தேன். காஞ்சனாவை டிபன் பாக்ஸோடு பின்னால் ஏற்றினேன். ஜன்னல் திரைகளை எல்லாம் விலக்கிவிட்டேன். ஒளித்து வைத்தால்தான் மேனேஜர் இஷ்டம். எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால் லாட்ஜுக்குக் கொண்டுபோக முடியாது. என் கணக்கு அதுதான். கம்பத்தைத் தூக்கினேன். காரும் வேனும் முகத்துக்கு முகம் நின்றன.

அதிகாரி இறங்கினார். முன் சீட்டைப் பார்த்தார்.

“யார் இவர்?”

“விசிட்டர் சார்” என்றார் மேனேஜர். “சின்ன அடி.”

“விசிட்டருக்கு எதுக்கு யூனிஃபாரம்?”

“உள்ள போய்ப் பேசலாம் சார்” என்றார் மேனேஜர்.

“வண்டி நகரக் கூடாது” என்றார் அதிகாரி. “பாஸ்போர்ட்டைக் கொண்டு வாங்க. போலீஸுக்குச் சொல்லணும். வந்து ஸ்டேட்மென்ட் எடுக்கட்டும். அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் போங்க.”

என் கணக்கு அங்கே தப்பியது. ஒளிக்கிறவரிடமிருந்து மீட்டு, பிடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு ரூல் அப்படி. வெளிநாட்டு ஆள், விசா மீறல். போக விட்டுவிட்டால் நாளைக்கு ஆளே வரவில்லை என்பார்கள். அவர் சந்தேகப்பட்டதும் தப்பில்லை. ஆனால் போலீஸ் வருவதற்குள் என்ன ஆகும் என்று டிபன் பாக்ஸைப் பார்த்தால் தெரிந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காஞ்சனாவின் மடி நனைந்திருந்தது. லின் யாரையும் பார்க்கவில்லை. அந்த டப்பாவைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய நீலச் சட்டையில் பாஸ் குத்தியிருந்தது. உள்ளூர் ஆள் மாதிரித் தெரிய வேண்டும் என்று மேனேஜர் குத்திவிட்ட பாஸ். கிட்டப் போய்ப் படித்தேன். எனக்குத் தமிழ் எழுத்து நன்றாக வரும்.

“ஐயா, பாஸ்ல முருகேசன்னு இருக்குதுங்க. கே.ஜி.கண்டிகை. நம்ம ஊர் ஆளு.”

“என்னய்யா, கிண்டலா?”

“இல்லிங்க. கம்பெனி சீல் இருக்குது. மேனேஜர் சார் கையெழுத்து இருக்குது. எங்களுக்கு பாஸ்ல இருக்கறதுதான் ஆளு. அடிபட்ட உள்ளூர் ஆளை நிறுத்திவெக்கச் சொல்லி ரூல் இல்லிங்க. உடனே அனுப்பணும்னுதான் இருக்குது.” மேனேஜர் பக்கம் திரும்பினேன். “சார், இவரு முருகேசன்தானுங்களே?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். இல்லை என்றால் பொய்ப் பாஸ் போட்டதை அதிகாரி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் வண்டி போக வேண்டும். வேர்த்துக் கொட்டியது.

“ஆங்... ஆமா” என்றார். சென்னை மிடுக்கு எல்லாம் போய்விட்டது.

முனிரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா இருமலா தெரியாது.

அதிகாரி பாஸைப் பார்த்தார். பாஸில் ஒட்டியிருந்த மீசைக்காரரைப் பார்த்தார். லின்னைப் பார்த்தார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார்.

“அந்த டப்பாவுல என்னம்மா?”

“விரலுங்க சார்” என்றாள் காஞ்சனா.

அதிகாரி முன் சீட்டுக் கதவைத் திறந்தார். பிறகு லின் சட்டையிலிருந்து பாஸை அவரே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“பாஸ் என்கிட்ட இருக்கட்டும். காரைப் பின்னால எடு. வண்டி போகட்டும். மெட்ராஸுக்கு. வேற எங்கயும் நிக்கக் கூடாது.”

சொல்லிவிட்டுத் தன் ஆள் ஒருவரையும் வேனில் ஏற்றினார். முனிரத்தினத்தை அவரும் நம்பவில்லை. இரங்கினாரா, பொய்ப் பாஸ் கைக்கு வந்தது போதும் என்று விட்டாரா, எனக்குத் தெரியாது. வேன் நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பியதை மட்டும் பார்த்தேன்.

பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. இரண்டாவது ஷெட்டுக்கு அனுமதி நின்றது. அக்கா மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மலைக்குப் போயிருந்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போனார், கூடச் சம்பளத்துக்கு என்று கேள்வி. என்னை அரக்கோணம் பக்கம் ஒரு குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே போவதும் வருவதும் அரிசி மூட்டை.

உண்மையான முருகேசன் என் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். சம்பளத்தோடு லீவு, பாஸை மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்றார்களாம். கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை.

“எங்க அம்மாவுக்கு யாரோ போன் போட்டு, உன் புள்ளைக்கு வெரலு போச்சுன்னு சொல்லிட்டான்யா. அது ஒரே அழுகை. இதோ எனக்குப் பத்தும் இருக்குது பாரு!” என்று இரண்டு கையையும் நீட்டினார்.

காஞ்சனாவை விசாரித்தார்கள். ஒரு தடவை அதுவா இறங்கியது என்றாளாம். ஒரு தடவை மிதித்தேன் என்றாளாம். அவளாகச் சொன்னதா, சொல்லவைத்ததா தெரியாது. நானும் அவளை மறுபடி கேட்கவில்லை.

எல்லோரும் பொய் சொல்கிற இடத்தில் யார் பொய் என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அது விசாரணைக்காரர் வேலை. அவருக்கு நேரம் இருக்கும். எது கெட்டுப்போகிற பொருள், எதற்குக் கெடு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அன்றைக்கு அந்த ஐஸைத் தவிர எல்லாம் காத்திருக்கக் கூடியது. ஷெட் காத்திருக்கும். பாஸ்போர்ட் காத்திருக்கும். என் சந்தேகமும் காத்திருந்தது. இதோ இன்னும் இருக்கிறது.

விரல் ஒட்டியதா என்று நான் கேட்காத ஆள் இல்லை. எல்லாமே சரியாகிவிட்டது என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒன்றுகூட ஒட்டவில்லை என்றாள் சாந்தா, அவளுக்கு யாரோ சொன்னதாம். கையையே எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. முனிரத்தினம் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பியவர். காஞ்சனாவை உள்ளே விடவில்லை.

சில மாதம் கழித்து முனிரத்தினம் குடோனுக்குப் போன் செய்தார். லின்னை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். லாட்ஜில் இருக்கிற பெட்டியை எடுக்கத் திருத்தணிக்குக் கூட்டி வருகிறார்கள். “பாக்கணும்னா வா நைனா.” ஆள் மாற்றிவிட்டுப் பஸ் ஏறினேன்.

லாட்ஜ் வாசலில் கார் நின்றது. ஒரு போலீஸ்காரர். ஏஜென்டின் ஆள் ஒருவன். நான் கிட்டப் போனதும் அவன் குறுக்கே வந்தான்.

“நீ யாரு? பேப்பர்காரனா?”

“கேட்டுல இருந்தவன்.”

“எந்த கேட்டு? பேசக் கூடாது. போ.”

காரின் பின் சீட்டில் லின். இளைத்திருந்தார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில் இருந்தது. ஏஜென்ட் ஆள்தான் துண்டை வேண்டுமென்றே போட்டிருக்கிறான் என்று தோன்றியது. லின்னுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கார் கிளம்பியது. ரோட்டில் ஆட்டோ குறுக்கே நின்றதால் கொஞ்சம் தயங்கியது. அவர் துண்டை விலக்கிக் கையை எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் விரித்து வைத்தார்.

கட்டை விரலிலிருந்து எண்ணினேன்.

நான்கு.